ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து

எனக்கு எழுபது நடக்கிறது. பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போனது இரண்டு. ஏழு பேரையும் ஆவாரம்பட்டை இடித்த கூலியில் வளர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அப்படிப்பட்டவளை மண்டையில் ஒன்றும் இல்லாதவள் என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போது ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடப் பட்டையை இடித்துப் பொடியாக்குவதும் தோல்களைக் காயப்போடுவதும் பெண்கள் வேலை. மத்தியானம் கஞ்சி குடித்த பிறகு, பட்டைக் கொட்டகையிலேயே எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர ஒரு டீச்சரம்மா வந்தார். முதலாளி சாயபு தடுக்கவில்லை. எனக்கு ஆசை ஒன்றுதான். ரயிலில் போனால், இது எந்த ஊர் என்று எவரையும் கேட்காமல், பலகையைப் படித்து நானே இறங்க வேண்டும்.

புத்தகம் பட்டணத்தில் அச்சானது. ஒரே பக்கத்தில் மயில், யானை, பாட்டு, சுற்றிலும் பூங்கொடி. இவற்றுக்கு நடுவில் எங்கேயோ எழுத்து. நாங்கள் தோலை விரித்தால் ஓரத்திலிருந்துதான் பார்ப்போம்; கிழிசல் அங்கேதான் முதலில் தெரியும். பக்கத்தையும் அப்படியே பார்த்தோம். "பார்த்து எழுதுங்க" என்றார் டீச்சரம்மா. எழுத்து ஓரத்தில்தான் தொடங்குகிறது என்று எல்லோரும் சிலேட்டில் கொடியைப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து, கிளாஸைச் சோதிக்கும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"என்னம்மா இது, மார்கழிக் கோலமா?" என்று டீச்சரம்மாவிடம் சிரித்தார். "இதுங்க மண்டையில ஒண்ணும் இல்ல. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா கிளாஸை மூடிடுவேன்."

அவர் போனதும் என் பக்கத்தில் உட்காரும் அக்கா முனகினாள்: "இவ்ளோ பூவை எவன் போட்டானோ அவனை வுட்டுட்டாரு. பார்த்துப் போட்ட நாமதான் முட்டாளாம்."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. துணிக்கடையில் அட்டை கேட்டு வாங்கி வெட்டினார். மூட்டைக்கு அடையாளம் போடும் கறுப்பு மையில், ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து, கையகலத்துக்கு எழுதினார். முதலில் ட, பிறகு ப, பிறகு ம. கோடு இழுக்கத் தெரிந்தால் போதும்.

"இன்னா டீச்சரம்மா, இவ்ளோ இடம் சும்மா கெடக்குது. கூட ரெண்டு எழுத்து போட்டா அட்டை மிச்சமாவுமே" என்றாள் அக்கா.

"இதுல இன்னா தெரியுது?"

"ஒண்ணே ஒண்ணுதான் தெரியுது."

"அது போதும்."

கொஞ்ச நாளில் புள்ளி வைத்த 'ட்'டும் 'டை'யும் வந்தன; அட்டைகளைச் சேர்த்து வைத்துப் 'பட்டை' என்று படித்தோம். நாள் முழுக்க இடிப்பதைக் கண்ணாலும் படித்தோம்.

மறுபடி இன்ஸ்பெக்டர் வந்தார். ஓர் அட்டையை எடுத்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"படம் எங்கே? பாட்டு எங்கே? 'அ'வை விட்டு 'ட'வில் ஆரம்பிக்கச் சொன்னது யாரு? வெறும் மொட்டை அட்டை."

நான் எழுந்தேன். "ஐயா, இதுலதான் படிச்சோம். கேளுங்க, படிச்சுக் காட்டுறேன்."

"உட்காரும்மா. புத்தகம் இல்லாத கிளாஸுக்கு சர்க்கார் பணம் தராது."

கேட்கவே இல்லை அவர். எங்களில் ஒருத்தியையும் ஒரு எழுத்துப் படிக்கச் சொல்லவில்லை. அட்டையைச் சோதித்தாரே தவிர எங்களைச் சோதிக்கவில்லை. கிளாஸ் நின்றது. டீச்சரம்மாவை அரக்கோணத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைக்குச் சோறூட்டும்போது ஒரு வாய்தானே வைக்கிறோம், சட்டியையா கவிழ்க்கிறோம்? பூவும் மயிலும் அவ்வளவு பிடித்தால் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளட்டும். நாங்கள் கேட்டது எழுத்து.

அதற்குப் பிறகு வெகுகாலம், ஆம்பூர் ஸ்டேஷன் பலகையில் நடுவில் இருக்கும் 'ம்' மட்டும்தான் எனக்குத் தெரியும். மிச்சத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானே பொறுக்கிக்கொண்டேன். அதனால் நானே எழுதிய இந்தத் தாளில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். அதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டப் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"இந்தாம்மா, சத்தமா படி. அந்த ஆளைப் பத்தி எழுதினதுல ஒரு வார்த்தை கம்மி பண்ணாதே."