எர்த் காய்ந்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஷாக் அடித்து என்னை உதறிவிட்டது. பால் பாக்கெட் எடுக்கப் போனவன், ஒரு எட்டு பின்னால் வந்து விழாத குறை.

புதிதல்ல. சில வாரங்களாகவே 'சுருக்' என்று கிள்ளிக்கொண்டுதான் இருந்தது. நான் என்ன செய்தேன்? படித்தவன் செய்கிற காரியம்... ஃபிரிட்ஜுக்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டேன். அன்றைக்கு மாட்ட மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இந்தச் சாமர்த்தியத்தை மனைவியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன் பாருங்கள் — அதுதான் தப்பு.

மகள் பிரசவத்துக்காகச் சென்னை போனவள் அவள். பேரன் பிறந்து, தவழவே ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் சீக்கிரம் இங்கே அல்லிநகரத்துக்கு வருவதாகப் பேச்சு.

"செருப்பு மாட்டிக்கிட்டு ஃபிரிட்ஜத் தொறக்கிற வீட்டுக்கு, தவழ்ற பிள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்றீகளா? மொதல்ல அதச் சரிபண்ணுங்க. அப்பறம் பாப்போம்."

'அப்பறம்' என்றால் எப்போது? ஆடியா, தீபாவளியா? கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

போஸைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி, எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். பக்கத்து ஊரான போடியில் ஏலக்காய் ஸ்டோர்களுக்கெல்லாம் எர்த் டெஸ்ட் செய்கிறவன். வாசலிலேயே ஆரம்பித்தான்.

"என்ன மாமா, பத்திரிகையில ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீக... வீட்டுல செருப்பா?"

ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினான். மெயினை அணைத்தான். கொல்லையில், துவைக்கிற கல்லை ஒட்டி இருக்கிற எர்த் குழியில் கம்பியைக் கழற்றி மீட்டரில் மாட்டினான். அதிலிருந்து வயர் இழுத்து, ஒரே நேர்கோட்டில் தள்ளித் தள்ளி இரண்டு முளைகளை மண்ணில் அடிக்க வேண்டும். இரண்டாவது முளைக்கு எங்கள் கொல்லை போதவில்லை. பக்கத்துக் காலிமனைக்குப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டு முருகேஸ்வரி அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏலே போஸு, அங்கன என்னத்த அளக்குற? மாமா எடத்த விக்கிறாகளா?"

"இல்லக்கா. எங்கக்கா திரும்பி வருமா, வராதான்னு மீட்டர் வச்சுப் பாக்குறோம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அஞ்சு ஓமுக்குள்ள இருக்கணும் மாமா, நாப்பதத் தாண்டுது. கசியிற கரண்டு மண்ணுல எறங்கணும். மண்ணு இப்பிடிக் காஞ்சு கெடந்தா எங்கன எறங்கும்? உங்க மேலதான் ஏறும்." குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தான். "அக்கா இருந்தப்ப நல்லாத்தான இருந்துச்சு?"

இருந்தது. தினமும் காலையில் அவள் துவைத்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் — எல்லாம் அந்த மூலைக்குத்தான் ஓடும். நானோ துணியை லாண்டரிக்குப் போடுகிறேன். சாப்பாடு, பார்சல். அவள் போனதிலிருந்து அந்த மண்ணில் ஒரு சொட்டு விழவில்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஒருத்தி வீட்டில் இல்லை என்பதை மீட்டர்கூடக் காட்டும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"தண்ணிய ஊத்திச் சரிக்கட்டிறலாமா?" என்றேன்.

"அக்காவ ஏமாத்தலாம். கரண்ட ஏமாத்த முடியாது."

அடுத்த நாள் ஆள் கூட்டிவந்து புதிய எர்த் ராடு இறக்கினான். ஃபிரிட்ஜில் கரண்ட் கசிந்த இடத்தை மெக்கானிக் மாற்றினார். கசிந்தால் உடனே அணைந்துவிடுகிற டிரிப் சுவிட்ச் ஒன்றும் மெயினில் ஏறியது. மறுபடி அளந்தபோது மூன்று.

சாயங்காலம் வீடியோ காலில் மனைவி கொல்லையைக் காட்டச் சொன்னாள். புதுக் குழியைக் காட்டினேன், கல்லைக் காட்டினேன்.

"கொடியில ஒரு துணிகூட இல்ல..." என்றாள்.

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் இத்தனை பேசுகிறேன். 'வந்துரேன்' என்று அவளைக் கூப்பிடுகிற ஒற்றைச் சொல் மட்டும் வாயில் வரவில்லை.

"எர்த் இப்ப மூணுதான் காட்டுது," என்றேன்.

அந்தப் பக்கம் பேரன் எதையோ போட்டுத் தட்டுகிற சத்தம்.

"போடி ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்றேன்," என்றாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதித் தள்ளியிருக்கிறேன்... ஒன்றுகூட இவ்வளவு வேலை செய்ததில்லை!