மூழ்கின மூட்டை

பட்டறையில் 'துப்பறியும் அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். பதினோரு வருஷமாகப் பழைய டிவிக் கூடுகளை உடைத்து, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கிறாள். மிதக்கிற துண்டு நல்லது. மூழ்குகிறதில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் என்கிற விஷச் சரக்கு கலந்திருக்கும். அதைத் தனி மூட்டையாகக் கட்டி எரிக்கிற உலைக்கு அனுப்ப வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக்கை நம்புவதும் பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதும் ஒன்றுதான் என்பாள்.

வீட்டிலும் இதே கூத்து. சீப்பு, கரண்டி, ரிமோட் மூடி, எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெட்டி உப்புத் தண்ணீரில் போடுவாள். "என்னை எப்ப தொட்டியில போடப்போறே?" என்று புருஷன் கேட்டான்.

"நீ மிதப்பே. உள்ள ஒண்ணுமில்லையே."

பேத்திக்குப் பல் முளைக்கிற நேரம் பார்த்து நாத்தனார் ஒரு கறுப்புப் பொம்மை ரயில் வாங்கி வந்தாள். குழந்தை அதை வாயை விட்டு எடுக்கவில்லை. அக்கா அதைப் பிடுங்கி, ஒரு சக்கரத்தை உடைத்து உப்புத் தண்ணீரில் போட்டாள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

"எம்மேலயே சந்தேகமா, அண்ணி?"

"உன்மேல இல்ல, செஞ்சவன்மேல. எங்க வாங்குனே?"

"உங்க பட்டறைக்குப் பின்தெருக் கொட்டகையில. அங்கேயே செய்றாங்க."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிப் போனாள். எந்தத் திருட்டுப்பயல் எங்கிருந்து இந்தச் சரக்கைக் கொண்டுவருகிறான், பார்த்துவிடுவோம் என்கிற ஆத்திரம். கொட்டகைக்குள் மெஷின் ரயிலாகத் துப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூட்டைகள். மூட்டை வாயில் நீல நூல், இரட்டை முடிச்சு. எல்லாம் அவள் கையால் தைத்த தையல்.

திரும்பி வந்து மேஸ்திரியைப் பிடித்தாள். "மூழ்கினது உலைக்குப் போகலையா?"

அந்த ஆள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "மூணு வருஷமா அந்தக் கொட்டகைக்காரன்தான் எடுக்கிறான். மத்த பட்டறைச் சரக்குல மிதக்கிறதும் மூழ்குறதும் கலந்து வருதாம், உருக்கினா சரியா சேர மாட்டேங்குதாம். நீ பிரிச்சா ஒரு துண்டு தப்பாது இல்லையா? அக்கா கட்டின மூட்டைதான் வேணும்னு கேட்டு வாங்குறான்."

தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அந்த மூன்று வருஷத்தில் தன் தெருவில் பிறந்த குழந்தைகளை ஒவ்வொரு வீடாக எண்ணத் தொடங்கினாள். பாதித் தெருவுக்குமேல் எண்ண முடியவில்லை.