நாலாம் இலக்கப் பாட்டு

ஊரில் மற்றவர்களுடைய சொந்தக்காரர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனபோது எங்கள் மாமாவின் மகன் மட்டும் ஜப்பானுக்குப் போனார். மொழி படிக்கப் போனதாகத்தான் பேர். உண்மையில் ஒரு தொழிற்சாலையில் சோற்றுப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தார். சொக்லேற் அனுப்பவில்லை, போட ஒரு சேட்டு அனுப்பவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு அனுப்பிய ஒரே சாமான் ஒரு பாட்டுப் பட்டியல்.

அது சின்னண்ணைக்கு வந்தது. அவர் அப்போது பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனையை இரண்டாம் தரம் எடுக்கக் காத்திருந்தார். சுன்னாகத்து நெற் கபே ஒன்றில் பத்துப் பாட்டையும் போனுக்கு இறக்கி, பட்டியலைக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் ஜப்பான்காரரின் பங்க் ரொக். குழுக்களின் பேர்கள் அந்த நாட்டு எழுத்தில் இருந்ததால் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே பாட்டுகளுக்கு இலக்கம்தான் பேர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மச்சானின் குறிப்பு இருந்தது. ஒன்று: ‘ஒரு நிமிசத்திலை முடிஞ்சிடும். பழுதாப் போச்செண்டு நினைக்காதை, பாட்டே அவ்வளவுதான்.’ இரண்டு: ‘மூண்டு பெட்டையள். ட்ரம்ஸ் அடிக்கிறவளைப் பாத்தால் ரீச்சர் மாதிரி இருப்பாள், நம்பாதை.’ ஏழு: ‘வேலைக்குப் போகமாட்டன் எண்டு கத்துறாங்கள். நான் வேலைக்குப் போகேக்கை கேக்கிறது.’ நாலாம் இலக்கத்துக்கு மட்டும், ‘இதைக் கடைசியாய், தனிய இருந்து கேள்’ என்று இருந்தது.

அண்ணை ஹெட்செற்றைச் செருகிக்கொண்டு வாழைகளுக்குள் போய் நின்று தலையை ஆட்டுவார். வீட்டுக்குள் கேட்க வழியில்லை. பெரியண்ணை இல்லாமற் போனபின் அப்பா றேடியோவையே பழைய சாரத்தால் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்முவதுகூட இல்லை. ஆகவே, இந்தப் பாட்டுகளை யாருக்கும் காட்டுவதில்லை என்று அண்ணை என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எனக்குப் பத்து வயது. வாய் கொஞ்சம் நீளம்.

பெரியண்ணை வன்னிக்குப் போனவர். சண்டை முடிந்த கிழமை ஆமிக்காரர் அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டேன் என்று ஒருவர் வந்து சொன்னார். பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் சில படத்துண்டுகள் போனுக்குப் போன் மாறிக்கொண்டிருந்தன. கண் கட்டப்பட்டவர்கள், அடி வாங்குகிறவர்கள், முகம் தெரியாமல் கத்துகிறவர்கள். பிள்ளையைத் தேடுகிற தாய்மார் அவற்றையெல்லாம் பார்த்தார்கள். அம்மாவும் பார்க்கத்தான் கேட்டார். அப்பாவும் சின்னண்ணையும் அவர் கண்ணில் படாமல் ஒளித்தார்கள். ஒளிக்கிறார்கள் என்பதும் அம்மாவுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் அண்ணை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். நான் போனைத் திருடிக்கொண்டு விறாந்தையில் இருந்து நாலாம் இலக்கத்தைப் போட்டேன். நடுவில் ஓரிடத்தில் கிற்றாரும் ட்ரம்ஸும் சட்டென்று நின்றுவிடும். ஒரு ஆம்பிளை தனியே, ஒரு சொல்லும் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து கத்துவான். நான் பயந்து எழும்பியதில் ஹெட்செற் கழன்றுவிட்டது. அந்தக் கத்தல் வீடு முழுக்கக் கேட்டது.

அம்மா வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“ஆரடி கத்துறது?”

சத்தியம் நினைவுக்கு வந்தது. “எனக்குத் தெரியாதம்மா. உங்களுக்குக் காட்ட வேண்டாமெண்டு அண்ணை சொன்னவர்” என்றேன்.

அண்ணை ஈரத்தோடு ஓடிவந்து அது பாட்டு, ஜப்பான் பாட்டு என்று எத்தனையோ விதமாகச் சொன்னார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பாட்டெண்டால் ஏன்ரா ஒளிச்சனி?” அண்ணை பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். “உது உன்ரை கையெழுத்து” என்றார் அம்மா. அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னார். பெரியண்ணை எட்டு வயதில் மாமரத்தில் இருந்து விழுந்து கை முறித்தபோதும் இப்படித்தான், மூச்சு விடாமல் கத்தினாராம். “உது அவன்தான்” என்று அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அப்பா போனை உடைக்கப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா அழுது அழுது படுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மறுநாள் தலைக்குத் தோய்ந்தார். வயிறாரச் சாப்பிட்டார். ஒவ்வொரு பின்னேரமும் போனை வாங்கி அந்த இடத்தை மட்டும் கேட்டார். “இன்னும் கத்துறான். குரலிலை தெம்பு இருக்கு” என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார்.

கச்சேரிக் கந்தோர் வாசலில், காணாமற்போனவர்களின் படங்களோடு கூடுகிற பெண்களுக்கும் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். போனைக் கதிரையில் வைத்துவிட்டு நாலு பேரும் சுற்றி நிலத்தில் இருந்தார்கள். “என்ரை மூத்தவன்” என்றார் ஒருவர். கொழும்புத்துறையில் இருந்து வந்தவர், “இல்லையக்கா, உது என்ரை மனிசன்” என்றார். மற்றவர் போனை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஒரு குரலுக்கு நாலு பேர் உரிமை கொண்டாடினால் சண்டை வருமே என்று நான் கதவு மறைவில் காத்திருந்தேன். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. மாறி மாறிக் கேட்டார்கள். வெள்ளிக்கு வெள்ளி வந்தார்கள். அண்ணை போனில் சாச் இறங்காமல் பார்த்துக்கொண்டார்.

அது பாட்டுத்தான் என்பதற்கு அண்ணை முதல்நாளே மச்சானிடம் அத்தாட்சி கேட்டிருந்தார். அது ஒன்றரை மாதம் கழித்து வந்தது, அந்தக் குழு மேடையில் பாடுகிற இடத்துக்கு மச்சான் நேரிலே போய் எடுத்த படத்துண்டு. அண்ணை அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், போனைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம் மூச்சும் விடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ பெரியண்ணையை அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அம்மா நாள்தோறும் நம்பிக்கொண்டிருக்க, இவர் உண்மையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. அண்ணை கடைக்குப் போன நேரம் பார்த்துச் சாச்சில் கிடந்த போனை எடுத்தேன். “அம்மா, இஞ்சை பாருங்கோ” என்றேன்.

மஞ்சள் மயிர், மேலில் சட்டை இல்லை, ஒட்டி உலர்ந்த ஒரு பொடியன். வாத்தியங்கள் நின்றன. அவன் வாயைத் திறந்தான். எங்கள் வீட்டுக் குரல் வெளியே வந்தது. பிறகு அவன் துவாயால் முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“சிரிக்கிறான்” என்றார் அம்மா.

“ஓம். பெரியண்ணையை ஒருத்தரும் அடிக்கேல்லையம்மா. அவர் கத்தவே இல்லை.”

“ஓம்” என்றார் அம்மா. “அவன் கத்தேல்லை.”

போனை என்னிடம் தந்துவிட்டுப் போய் வெங்காயத்துக்கு முன்னால் இருந்தார். இருட்டும்வரை ஒரு பிடியும் கட்டவில்லை. திரும்பி வந்த அண்ணை என் கையில் போனைக் கண்டு எனக்குக் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. சத்தியத்தை மீறியதற்குத்தான் அந்த அடி என்று கனகாலம் மனதில் வைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளி மூன்று பேரும் வந்தார்கள். அம்மா படலையைத் திறக்கவில்லை. “போன் கிணத்துக்கை விழுந்திட்டுது” என்றார். கொழும்புத்துறைக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டார். “எண்டாலும் கேட்டனாங்கள்தானே” என்று அம்மா படலைக்கு மேலால் கையை நீட்டி அவருடைய தோளைத் தடவினார்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவர் உள்ளே போனதும் நான் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையால் ஓடினேன். முடக்கில் நான் திரும்ப, அவர்கள் ஏறிய பஸ் போய்க்கொண்டிருந்தது. மூச்சு வாங்க நின்று கையைக் காட்டினேன். உங்களுடைய ஆட்களும் கத்தவில்லை என்ற நல்ல செய்தியை அவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.