இரண்டு மாமன் மடி

தொலைக்காட்சியில் ஒரே கூச்சல். ஏதோ ஒரு குட்டி நாடு நேற்று ஒரு வல்லரசிடம் கப்பல் வாங்கியதாம், இன்று அதன் எதிரியிடம் துறைமுகம் கட்டச் சொல்கிறதாம். இது துரோகமா, தந்திரமா என்று நான்கு பேர் கத்துகிறார்கள். எனக்கோ இரண்டு காது மடல்களும் ஒன்றாகச் சுரீரென்கின்றன.

ஆரணியில் அப்பாவுக்கு இருந்தது ஒரே தறி. அதற்குப் பட்டு நூல் கொடுத்தவர் சேவூர் பெரிய மாமா. ஜரிகை கொடுத்தவர் போளூர் சின்ன மாமா. அம்மாவுடன் பிறந்த இந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. ஒருவர் முகம் சுளித்தாலும் தறி நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து எனக்குக் காதுகுத்து வந்தது.

"மூத்தவன் நானிருக்க, அவன் மடியில குந்த வைப்பியா?"

"அவரு மடின்னா, நான் சோறு துன்னாம பஸ் ஏறிடுவேன், அக்கா."

அம்மா இருவரையும் தொடையோடு தொடை ஒட்ட உட்காரவைத்து, இரண்டு மடியிலுமாக நடுவே என்னை அமர்த்தினாள். எந்தப் பக்கத்துக் காது முதலில் என்ற வம்பும் வேண்டாமென்று, காது குத்த இரண்டு பத்தர்களை வரவழைத்திருந்தாள். சந்தன வாசம், பட்டு வேட்டிகளின் சரசரப்பு, ஒரே நொடியில் இரண்டு ஊசி. நான் வீறிட்டேன். "அழாத கண்ணு!" என்று மாமன்கள் ஒரே குரலில் பதறினார்கள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது பெரிய மாமா வாசலில் என் கன்னத்தைக் கிள்ளினார்.

"நெசமா சொல்லுடி, எந்த மாமா மடி நல்லா இருந்துச்சு?"

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சின்ன மாமாவும் நின்றுவிட்டார். அப்பாவின் பார்வை தறிமேல் போனது.

"எங்கம்மா மடிதான், மாமா."