கீழிருந்து திருப்பிய சீட்டு

வசந்தகுமாரிக்கு எதையும் தானாகத் தீர்மானிக்கத் தெரியாது. இதைக் குறை என்று சொல்ல முடியாது. சிலருக்கு நீச்சல் தெரியாது, சிலருக்கு சைக்கிள் விடத் தெரியாது, அந்த மாதிரிதான். அவள் வீட்டில் யாருக்குமே தெரியாது என்பதால் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர் அப்பா. பட்டறை மேஸ்திரி என்ன சொல்கிறாரோ அதுதான் அவருடைய அபிப்பிராயம். அம்மாவோ எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்ப்பாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் படத்துக்கு முன்னால் போட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வாள். வெள்ளை என்றால் நடக்கும், சிவப்பு என்றால் நடக்காது. வசந்தாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு மாப்பிள்ளைகளைச் சிவப்புப் பூ கழித்துக் கட்டியது. மூன்றாவது ஆளுக்கு வெள்ளை வந்தது. ஆனால் அவர்கள் வீட்டிலும் பூக்கட்டிப் பார்த்தார்களோ என்னவோ, பதிலே வரவில்லை. அதற்குள் அம்மா படுக்கையில் விழுந்தாள். தம்பி பெங்களூருக்குப் போய்க் குடும்பமானான். வசந்தாவின் கல்யாணப் பேச்சை வீட்டில் யாரும் நிறுத்தவில்லை, அது தானாகவே நின்றுபோனது.

ஹைதராபாத்தில் பாலாநகர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் அவள் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுப்பாள். "லைன் கிடைக்குமா மேடம்?" என்று கேட்பார்கள். கிடைக்கும், கிடைக்காது. அந்த இரண்டு வார்த்தையிலேயே அவள் சர்வீஸ் ஓடியது. தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்ததும் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அப்பா முன்பே போயிருந்தார், அந்த வருஷமே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். குக்கட்பல்லி ஹவுசிங் போர்டு வீட்டில் வசந்தாவும் ஒரு டெலிபோனும் மிச்சம். அது அடித்தால் பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் சாப்பிட்டாளா என்றும் விசாரிப்பாள்.

பேகம்பேட்டையில் ஒரு சிந்திக்கார அம்மாள் டாரோ என்கிற குறிசொல்லும் சீட்டைச் சொல்லிக் கொடுப்பதாகப் பேப்பரில் பார்த்துத்தான் அங்கே போனாள். சீட்டுக்காக அல்ல, நாலு பேரோடு உட்காரலாமே என்று. போன இடத்தில், 'ஆமா-இல்லை' பார்ப்பது அவளுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. கேள்வி ஒன்று, சீட்டு ஒன்று. படம் நேராக வந்தால் ஆமாம், தலைகீழாக வந்தால் இல்லை. ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்கக் கூடாது. அம்மாவின் பூப்பொட்டலம்தான் இது, என்ன, படம் போட்ட அட்டையில் இருக்கிறது.

சனி, ஞாயிறில் மாதாப்பூரில் ஒரு காபிக் கடையின் மூலையில் அவளுக்கு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனிப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார்கள். ஆன்சைட் கிடைக்குமா, விசா ஸ்டாம்ப் ஆகுமா, மேனேஜர் மாறுவாரா, வீட்டில் ஒத்துக்கொள்வார்களா. அமெரிக்காக்காரனுடைய பாங்கையே இங்கே உட்கார்ந்து நடத்துகிற பிள்ளைகள், ஒரு வேலையை விடலாமா என்று கேட்கச் சீட்டுக்கு வந்தார்கள். வசந்தாவுக்கு அவர்கள்மேல் கொள்ளைப் பிரியம். தன்னைப்போலவே இத்தனை பேர் உலகத்தில் இருக்கிறார்களே என்ற ஆறுதல்தான். ஆனால் பதில் வாங்கியதும் எழுந்து போய்விடுவார்கள். திங்கட்கிழமை முதல் வெள்ளிக்கிழமை வரை அவளோடு பேசியவர் ஒரே ஒருவர்.

அவர் தண்டபாணி. உடுமலைப்பேட்டைக்காரர், அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நாளாகியிருந்தது. ஊரிலிருக்கும் தம்பிக்கு அவர் போன் பேச, வசந்தாதான் லைன் போட்டுக் கொடுத்திருக்கிறாள். குரலைத் தெரியும், ஆளைத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு ரைத்து பஜார் என்கிற உழவர் சந்தையில் பீர்க்கங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அதன்பின் புதன்கிழமை என்றால் இரண்டு பேரும் பையோடு அங்கே இருப்பார்கள். காய் வாங்குகிற நேரம் கொஞ்சம், பேசுகிற நேரம் நிறைய. மற்ற நாட்களில் ஏதாவது வேடிக்கை நடந்தால், புதன்கிழமை சொல்ல வேண்டும் என்று அவள் எடுத்து வைத்துக்கொள்வாள்.

சங்கராந்தி முடிந்த ஒரு புதன்கிழமை, தராசுத் தட்டில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டே தண்டபாணி சொன்னார்:

"ஏனுங்க, நீங்க கால் கிலோ, நான் கால் கிலோன்னு எதுக்குங்க தனித்தனியா வாங்கோணும்? ஒரே ஊட்டுக்கு அரைக் கிலோவா வாங்கிக்கலாமில்லீங்க?"

முதலில் அவளுக்குக் கத்தரிக்காய்தான் புரிந்தது. பிறகு அவர் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐம்பது தாண்டியவளுக்கு அப்படி அடிக்கும் என்று அவளுக்கே தெரியாது.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.

அவளுக்கு யோசிப்பது என்றால் என்ன, சீட்டுதான். தனக்காக அதுவரை பெரிய கேள்வி எதையும் அவள் கேட்டதில்லை. இன்றைக்கு யாராவது வருவார்களா என்று காலையில் ஒரு சீட்டு எடுப்பாள், அவ்வளவுதான். அன்று குளித்து, விளக்கேற்றி, சீட்டைக் கலைத்து, மனசுக்குள் கேட்டு, ஒன்றை உருவினாள். திருப்பினாள். ஆளுக்கொரு கோப்பையை ஏந்தி, எதிரெதிராக நிற்கும் ஓர் ஆணும் பெண்ணும். இதைவிட வெளிப்படையான சீட்டு கட்டிலேயே கிடையாது. ஆனால் இருவரும் தலைகீழாக நின்றார்கள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. இன்னொரு தடவை எடுக்கக் கை துறுதுறுத்தது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தான் மட்டும் எப்படிக் கேட்பது? அடுத்த புதன்கிழமை அவரிடம், "சீட்டு வேண்டாம்னு சொல்லுதுங்க" என்றாள்.

"அப்படீங்களா" என்றார் தண்டபாணி. கால் கிலோ வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த புதன் அவர் வரவில்லை. மார்ச்சில் ஒரு நாள் போன் செய்து, வீட்டைக் காலி செய்துவிட்டு உடுமலையில் தம்பியோடு இருக்கப் போவதாகச் சொல்லி, அங்கத்து நம்பரையும் கொடுத்தார். நல்ல மனிதர், குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் ரைத்து பஜாருக்குப் போவதை நிறுத்தினாள். வாசலில் வரும் தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டாள். வேடிக்கைகள் நடந்தன, எடுத்து வைத்துக்கொள்ள நாள்தான் இல்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரிணி என்ற பெண் மேஜைக்கு வந்தாள். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிற டெஸ்டர். என்ன சீட்டு வருகிறது என்பதைவிட வசந்தாவின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஏக் மினிட். இன்னொரு வாட்டி திருப்புங்க."

"ஏம்மா?"

"திருப்புங்க, சொல்றேன்."

வசந்தா சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்து, எப்போதும்போல் கீழ் விளிம்பைப் பிடித்து மேல்பக்கமாகத் தூக்கித் திருப்பினாள். நாள்காட்டியில் தேதி கிழிப்பதுபோல. லாலாகுடா வீட்டில் விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் காலையில் தேதி கிழித்தது அவள்தான். அந்தக் கைக்கு வேறு மாதிரி திருப்பத் தெரியாது.

"ஹவ், ஆமா! அதேதான்" என்றாள் தாரிணி. "இப்படித் தூக்கினா மேல இருக்கறது கீழ வந்துடும் ஆன்ட்டி. நேரா இருக்கற சீட்டை நீங்களே தலைகீழா ஆக்கறீங்க. புக்ல பக்கம் புரட்டற மாதிரி, பக்கவாட்டுல திருப்பணும். பாருங்க."

புரட்டிக் காட்டினாள். மறுபடி வசந்தாவின் முறையில் காட்டினாள். ஒரே சீட்டு, ஒரு தரம் நேராக நின்றது, ஒரு தரம் கவிழ்ந்து நின்றது. சிந்திக்கார அம்மாள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள், எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பதைத் தவிர. இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

வசந்தாவின் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண் பயந்துவிட்டாள். "டென்ஷன் நக்கோ ஆன்ட்டி, பயப்படாதீங்க! எப்படியும் ஃபிஃப்டி-ஃபிஃப்டிதானே. யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. விசா வரவேண்டியவனுக்கு வந்திருக்கும், வராதவனுக்கு வந்திருக்காது. வசந்தா அவர்களை நினைக்கவே இல்லை. கோப்பையோடு நின்ற அந்த இருவரை நினைத்தாள். அவர்கள் நேராகத்தான் நின்றிருக்கிறார்கள். கவிழ்த்தது அவள் கை. வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. பையை மேஜையில் வைத்துவிட்டு உடுமலை நம்பரைச் சுழற்றினாள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. தண்டபாணியே எடுத்தார். அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாள்காட்டி, கீழ் விளிம்பு, தாரிணி, கோப்பை எல்லாம்.

"நேராத்தாங்க வந்திருக்கு. ஆமான்னுதான் சொல்லியிருக்கு. நான்தான் தப்பாத் திருப்பிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் அடிக்கிற பம்பின் சத்தம் கேட்டது.

"வசந்தா, நான் உங்களையத்தானுங்க கேட்டேன். நீங்க போயி சீட்டைக் கேட்டுட்டு வந்து சொன்னீங்க."

"இப்ப அது ஆமான்னு…"

"இப்பவும் சீட்டுத்தானுங்க மாறியிருக்குது. அது கெடக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க? அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்கே வண்டி ஏறிர்றேன்."

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் போன் செய்தாள். ஆனால் அவள் ஆயுசில் யாரும் அவளிடம் நேராக ஒன்றைக் கேட்டது அபூர்வம், கேட்டபோதெல்லாம் பதில் வேறு எங்கிருந்தோதான் வந்திருக்கிறது. சொல்லிவிட்டு அது தப்பாகப் போனால்? அப்போது யாரைச் சொல்வது? ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். கையை விட்டுவிட்டுப் பேசுகிற ஆபரேட்டர் பழக்கம். இரண்டு கையும் ஓய்ந்து இருந்தன. அவை என்ன செய்கின்றன என்று அவள் கவனிக்கவில்லை.

"அந்தச் சத்தம் எனக்குக் கேக்குதுங்க" என்றார் தண்டபாணி.

வசந்தா குனிந்து பார்த்தாள். பையிலிருந்த கட்டு அவள் கையில் இருந்தது. அவள் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே கேள்விய ரெண்டு தடவ கேக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. நான் ரெண்டு தடவயும் கேட்டுட்டனுங்க. உடம்பப் பாத்துக்கங்க."

சீட்டுகள் மேஜைமேல் சிதறின. சில நேராகவும் சில தலைகீழாகவும் விழுந்தன. எதையும் அவள் பார்க்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, "வாங்க" என்றாள். "நீங்க வாங்க. நான்தான் சொல்றேன், நான் சொல்றேன்" என்றாள்.

அத்தனை வருஷம் அந்த வேலையே பார்த்தவள். லைனில் ஆள் இருக்கிற மௌனம் எது, வைத்துவிட்ட மௌனம் எது என்று அவளுக்குத் தெரியும். இது இரண்டாவது. அப்படியும் இன்னொரு தடவை சொன்னாள்.