பதினான்காவது துண்டு

அறுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது இது. இடம், உக்குவளைக்குப் பக்கத்தில் மாத்தளை வீதியை ஒட்டியிருக்கும் என்னுடைய வீடு. 'என்னுடைய வீடு' என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது அந்தச் சொல் என் வாயில் படிய ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

நான் முப்பத்திரண்டு வருடம் ஒரு ரப்பர், கொக்கோத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தோட்டத்துக் குவாட்டர்ஸில்தான் வாசம். அதற்கு முன்னால் அப்பாவோடு தொழிலாளர் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில். ஆகவே எங்கள் வம்சத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு கதவுகூட இருந்ததில்லை. ஓய்வு பெறும் நாள் நெருங்கியதும், குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கவலை வந்துவிட்டது. பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்திருந்ததால் என் பெயரில் காணி எழுத முடிந்தது. அது கிடைக்காமல் அரசாங்கக் கச்சேரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்த காலம் அது. ஓய்வூதியமாக வந்தது, மனைவியின் நகை என்று எல்லாவற்றையும் திரட்டிப் போட்டு வீட்டை வாங்கினேன். அந்த வீடு போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

கட்டி விற்றவர் பலாபத்வலையைச் சேர்ந்த ஒரு கொந்தராத்துக்காரர். முஸ்லிம் மனிதர், ஏறக்குறைய என் வயது. எல்லோரும் அவரை 'நாநா' என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மலைச் சரிவை வெட்டி மட்டமாக்கி ஒரே வரிசையில் மூன்று வீடுகள் கட்டியிருந்தார். முதல் இரண்டையும் மாத்தளைக் கடைக்காரர்கள் வாங்கினார்கள். கடைசி வீடு எனக்கு. அறைகள் கொஞ்சம் பெரிது, வெளிச்சமும் நன்றாக இருந்தது. பின்பக்கம் மட்டும், இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு. மேட்டிலிருந்து வடியும் மழைத் தண்ணீர் வீட்டுச் சுவரில் படாமல் ஓடிப்போக, மேட்டின் அடியிலேயே நாநா நீளமாக ஒரு கான் வெட்டியிருந்தார்.

சாவி கொடுத்த அன்று என் மனைவி பால் காய்ச்சினாள். நாநா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, வாசலில் நின்று கையேந்தி ஒரு துஆ ஓதிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பாலைக் குடித்து முடித்ததும் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, இந்தக் கானை மட்டும் மாசத்துக்கு ஒருக்காப் பாத்துக்கோங்க. எலை அடைச்சா தண்ணி ஊட்டுப் பக்கம் திரும்பிரும். வேற ஒண்டுக்கும் பயப்பட வாணாம். ஏதும் எண்டா ஒரு துண்டு எழுதி அனுப்புங்க, வாரேன்" என்றார்.

அவர் சொன்னதில் கடைசி வசனம் மட்டும்தான் என் காதில் ஏறியது.

அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் குவாட்டர்ஸில் எதற்கெடுத்தாலும் துண்டுதான். ஓடு உடைந்தால் ஆபீசுக்கு ஒரு துண்டு எழுதினால் மேசன் வருவான். தாழ்ப்பாள் கழன்றால் இன்னொரு துண்டு, தச்சன் வருவான். நாமாகச் சுவரில் ஓர் ஆணி அடித்தால்கூட, யாரைக் கேட்டு அடித்தாய் என்று துரை கேட்பார். முப்பத்திரண்டு வருடம் அப்படி வாழ்ந்தவனிடம் 'துண்டு எழுதுங்கள்' என்று சொன்னால் என்ன ஆகும்? பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஆபீசுக்குப் பதிலாக நாநா, அவ்வளவுதான்.

முதல் இரண்டு துண்டுகளில் நியாயம் இருந்தது. மழையில் ஊதிப்போன கதவு ஒன்று, சரியாக மூடாத ஜன்னல் ஒன்று. தபாலில் சேர்த்த மூன்றாம் நாள் நாநா வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்குத் துளிர்விட்டுப் போயிற்று. பலாக்காய் விழுந்து ஓடு உடைந்ததற்கு ஒரு துண்டு. பலாமரம் நாநா நட்டதில்லை. கோழி கிளறி முற்றத்துப் படிக்கட்டு ஆடியதற்கு ஒன்று. கோழி எங்களுடையது. கலண்டர் மாட்ட ஆணி வேண்டும் என்றுகூட ஒன்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, ஒரு கோப்பில் குத்தி வைத்தேன். எழுதுவதற்கு ஏதாவது இருப்பதே எனக்கு ஓய்வுக் காலத்தில் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

நாநாவும் சளைக்காமல் வந்தார். ஒரு தரம்கூட முகம் சுளித்ததில்லை. கலண்டருக்கு ஆணி அடித்த அன்று என் மனைவிதான் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

பதின்மூன்றாவது துண்டு, குளியலறைக் கதவுக்கு. அதைச் சரிசெய்துவிட்டுக் கை கழுவப் போன நாநா, பின்பக்கம் பார்த்துவிட்டு, "ஐயா, கான்ல நெறைய எலை ஈக்கிது. மழை தொடங்க முன்ன வழிச்சுப் போட்ருங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று சாயந்தரமே நான் உட்கார்ந்து பதினான்காவது துண்டை எழுதினேன். 'தாங்கள் நேரில் பார்வையிட்டுச் சுட்டிக்காட்டியபடி, வீட்டின் பின்புறக் கானில் இலைகள் நிறைந்துள்ளன. அவற்றை அகற்ற ஆவன செய்யவும்.' இதை இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று எனக்குச் சிரிப்பே வரவில்லை என்பதுதான் விஷயம்.

நாநா வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் கழித்துச் சிவப்பு மையில் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஆளைக் காணோம்.

அந்தச் சமயத்தில் என் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. வீட்டின் பின் அறைதான் குளிர்காற்றுப் படாத அறை என்று தாயையும் பிள்ளையையும் அங்கே வைத்திருந்தோம். மண்மேட்டைப் பார்த்த சுவரோரமாகத்தான் குழந்தைக்கு ஏணை கட்டியிருந்தது. மழை தொடங்கியது. முதல் நாளே என் மனைவி கானைப் பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, நான் ஒரு எட்டு எறங்கி வழிச்சு விட்டுடவா? அரை மணி நேர வேலதான்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "நீ கை வைக்காத. வச்சா அவரு பொறுப்பு தீந்துபோயிடும். அப்புறம் எதுக்குமே வரமாட்டாரு" என்றேன். ஆபீஸில் கற்ற சட்டம் அது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொல்லாமல் மறைத்த காரணம் வேறொன்றும் இருந்தது. என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். மம்பட்டி பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. அந்த மம்பட்டி என் கையில் ஏறக்கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். நானும் முப்பத்திரண்டு வருடம் பேனாவைத் தவிர எதையும் பிடிக்கவில்லை. கணக்கப்பிள்ளை மலையிலிருந்து வந்து சொல்லச் சொல்ல, செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் 'கான் வெட்டு' என்று எழுதி ஆட்களின் பெயருக்கு நேரே குறிப்பேன். வேலையை முடித்தவனுக்கு முழுப்பேர். முடிக்காதவனுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். எத்தனையோ பேர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, மண் கல்லாக இருந்தது ஐயா என்று கெஞ்சியிருக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன், அக்கம்பக்கத்தார் பார்க்க, என் மனைவியையோ என்னையோ கானுக்குள் இறங்க விடுவேனா?

மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முன் அறையில் உட்கார்ந்து நான் இரண்டாம் நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சுவரடியிலிருந்து செம்மண் தண்ணீர் தரையில் பரவிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்தேன். கான் நிரம்பி வழிந்து, தண்ணீர் வீட்டுச் சுவரோடு குளமாகத் தேங்கி நின்றது.

அதே நேரம் முன்வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். பார்த்தால் நாநா. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். மூன்று வாரமாக நாவுலவில் ஒரு வேலையில் தங்கியிருந்தாராம். அன்று மதியம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். மனைவி என் இரண்டு கடிதங்களையும் கொடுத்ததும், மழையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல்கூட பஸ் ஏறிவிட்டார்.

நேரே பின் அறைக்குப் போய்ச் சுவரையும் தரையையும் பார்த்தார். ஏணையை அவிழ்க்கச் சொல்லி, மகளையும் குழந்தையையும் என் மனைவியையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். அந்த வீட்டில் இரண்டு மம்பட்டி இரவல் வாங்கிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குடையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்று அவரைத் திட்டினேன். மூன்று வாரம், இரண்டு கடிதம், ஒரு பதில்கூட இல்லை, பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு, இதுதான் நீங்கள் வீடு கட்டிக் கொடுத்த இலட்சணமா என்று வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினேன். பயத்தில்தான் பேசினேன் என்று இப்போது தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாநா நிமிர்ந்தார். முகத்து மழைநீரை வழித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஐயா, தப்பா நெனைக்க வாணாம். இது யார்ட ஊடு?"

"என்ன கேள்வி இது? என் வீடுதான்."

"அப்ப எறங்குங்க" என்று சொல்லி மற்ற மம்பட்டியை என் பக்கம் நீட்டினார்.

குடையை மடித்து வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். வேட்டியோடு இறங்கினேன். தண்ணீர் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. மம்பட்டியை எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நாநாதான் என் கையைப் பிடித்து, ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் வைத்துக் காட்டினார். பலா இலையும் சேறும் சேர்ந்து களிமண் கட்டியாக அடைத்திருந்தது. பத்து வெட்டுக்குள் மூச்சு வாங்கியது. கால் மணி நேரத்தில் உள்ளங்கையில் தோல் கிழிந்துவிட்டது. அப்பா நினைவுக்கு வந்தார். மழையில் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நான் அழுதேன்.

கடைசி அடைப்பை நாநா இழுத்துப் போட்டதும், தேங்கிய தண்ணீர் அத்தனையும் மடமடவென்று பள்ளத்தை நோக்கி ஓடியது. என் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். நாங்கள் வீட்டு மூலைக்கு வந்து சேரவில்லை, பின்னால் ஒரு சத்தம். மாட்டு வண்டி அளவு மண் மேட்டிலிருந்து பிய்ந்து கானுக்குள் விழுந்தது. சேறு முழங்கால் உயரத்துக்குச் சுவரில் வந்து மோதியது. பின் அறை ஜன்னல் மூலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. ஆனால் சுவர் நின்றது.

"அந்தத் தண்ணி இன்னம் ஒரு மணித்தியாலம் நிண்டிருந்தா அத்திவாரம் ஊறி, இந்தச் சுவர் தாங்கிரிக்காது. அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார் நாநா.

மாலையில் மழை கொஞ்சம் விட்டது. பக்கத்து வீட்டில் என் மனைவி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். என் சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நாநா உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை, தடுமாறித்தான் கேட்டிருப்பேன். பிறகு, இத்தனை நாளும் எதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் வந்தீர்கள், கலண்டர் ஆணிக்குக்கூட வந்தீர்களே என்று கேட்டேன்.

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "மத்த ரெண்டு பேரும் ஊடு வாங்கி, ஊட்டுக்கு வந்துட்டாங்க. நீங்க மட்டும் இன்னம் குவாட்டர்ஸ்லதான் ஈக்கிறீங்க எண்டு நெனைச்சேன். மெல்ல மெல்லப் பழகட்டும் எண்டு வந்தேன். அது என்ட பிழைதான் ஐயா. ரெண்டாவது துண்டோட நிப்பாட்டிருக்கணும்."

அத்தனை பேச்சுக் கேட்ட பிறகும் பிழையில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் அந்த மனிதர். அடுத்த வாரம் ஓர் ஆளோடு வந்து, மேட்டைப் படிப்படியாக வெட்டிச் சரிவாக்கித் தந்தார். அந்த நாள் முழுவதும் நானும் அவர்களோடு நின்று மண் அள்ளினேன். ஜன்னல் மூலை வெடிப்பை அவர் பூச வந்தபோது, வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்றும் இருக்கிறது.

மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே, துண்டுகள் குத்தியிருந்த கோப்பை எடுத்துப் பதினான்கு பிரதிகளையும் ஒரு தரம் படித்தேன். எழுதி முடிக்காத நினைவூட்டலின் பின்பக்கத்தில், செக்ரோலில் எழுதுவது போலக் கோடு கிழித்து, 'கான் வெட்டு' என்று எழுதினேன். அதற்கு நேரே என் பெயர். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேருடைய பெயரை எழுதிய கை அது, தன் பெயரை அந்த இடத்தில் எழுதியது அன்றுதான்.

இது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அன்று ஏணையில் கிடந்த பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், விடுமுறைக்கு வந்தால் அந்தப் பின் அறையில்தான் தூங்குகிறாள். மாதம் தவறாமல் நானே கானுக்குள் இறங்கி இலை வழித்து, அந்தத் தாளில் ஒரு வரி குறித்து வருகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே எனக்கு நானே போட்ட அரைப்பேரை மட்டும் முழுப்பேராகத் திருத்த எனக்கு இதுவரை மனம் வரவில்லை.