ஏழு அட்டெண்டர்களும் இரண்டு தலைநகரங்களும்

பால் பழசானால் தயிராகும். பொது அறிவு பழசானால் பூஜ்யம்தான் ஆகும். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். சர்க்கார் வேலைக்கான பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் பொது அறிவுத் தாளில் விழுந்தவன் நான். அதன் பிறகு பெங்களூர் ஆஸ்டின் டவுனில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குப் பொது அறிவு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். எந்தெந்தக் கேள்வியில் விழலாம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் யார் இருந்தார்கள்? நீங்களும் ஏதோ ஒரு பரீட்சைக்காக உலகத்து நதிகளை எல்லாம் நெட்டுருப் போட்டு, மறுநாள் காலையிலேயே தொலைத்தவராகத்தான் இருப்பீர்கள். ஆகவே நமக்குள் மறைக்க ஒன்றுமில்லை.

முடி வெட்டிக்கொண்டு படித்த செய்திகள்

பொது அறிவு வாத்தியாருக்கு மூலதனம் தினசரிப் பத்திரிகை. அது என்னிடம் இல்லை. பாஷா பாயின் சலூனில் மூன்று பத்திரிகைகள் வரும். ஆனால் பாய் கறாரானவர். வெட்டிக்கொள்ள வந்தவர்களுக்குத்தான் பேப்பர். சும்மா வந்தவர்களுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது.

ஆகவே நான் அடிக்கடி வெட்டிக்கொண்டேன். எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால் எனக்குப் பின்கழுத்தில் மிஷின் ஓடும். புதிதாக ஓர் அணைக்கட்டு திறந்தால் காதோரம் சரி செய்யப்படும். மடியில் நோட்டுப் புத்தகம், தலைக்கு மேல் கத்தரி என்று இரண்டு மாதம் ஓட்டினேன். ஒருநாள் பாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர், இன்னொரு மந்திரி ராஜினாமா பண்ணாருன்னா, நான் காதைத்தான் வெட்டணும்!"

முக்காலியும் நாற்காலியும்

கண்டோன்மெண்டில் ஓர் ஆபீஸ். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆபீஸின் அட்டெண்டர்கள் ஏழு பேர் ஒன்றாக என் வகுப்பில் சேர்ந்தார்கள். டிசம்பரில் இலாகாப் பரீட்சை. தேறினால் குமாஸ்தா ஆகலாம். அட்டெண்டருக்கு அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு முக்காலி. மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். குமாஸ்தாவுக்கோ முதுகு சாய்த்துக்கொள்ள நாற்காலி உண்டு. அந்த ஏழு பேருக்கும் அந்த நாற்காலி முதுகுதான் கனவு.

ஏழு பேரில் மூத்தவர் கன்னியப்பன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். என்னை வாய் நிறைய 'சார்' என்பார். மொத்தம் மூன்று தடவைதான் அந்தப் பரீட்சை எழுத விடுவார்கள். அவருக்கு இது மூன்றாவது. இதில் போனால் ஓய்வு பெறும் வரைக்கும் முக்காலிதான். மற்றவர்கள் ஒருநாளில் படிப்பதை அவர் ஒரு வாரம் சைக்கிளில் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படிப்பார். ஏன் இவ்வளவு மெதுவாகப் படிக்கிறீர்கள் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"இன்னா பண்றது சார், எனக்கு உள்ள போறது ஸ்வல்ப லேட்டு. போயிடுச்சுன்னா வெளிய வராது."

நவம்பர் ஒன்று

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு நவம்பரில் புரிந்தது. அது 1956. அந்த வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி இந்தியாவின் ராஜ்யங்களை எல்லாம் கலைத்து மொழிவாரியாக அடுக்கினார்கள். தேசத்துக்கு நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டிருந்தால் பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருப்பேன். இருபத்தேழு ராஜ்யங்கள் பதினான்காயின. ஆந்திராவின் தலைநகரம் கர்நூலிலிருந்து ஹைதராபாத்துக்கும், மத்தியப் பிரதேசத்தின் தலைநகரம் நாக்பூரிலிருந்து போபாலுக்கும் போயின. நம் மைசூரில் மகாராஜா வகித்த ராஜப் பிரமுகர் பதவி போய் கவர்னர் பதவி வந்தது. ஐந்து மாதம் நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி ஒரே நாளில் தப்பாகிப் போயிற்று.

ஆறு பேர் பழசைச் சட்டென்று உதறிவிட்டார்கள். அவர்களுக்குப் பழசும் சரியாக உள்ளே போயிருக்கவில்லை, அதுதான் ரகசியம். கன்னியப்பன்தான் மாட்டிக்கொண்டார். ஆந்திராவின் தலைநகர் எது என்றால் வாய் 'கர்நூல்' என்று சொல்லிவிடும், பிறகு கை வாயைப் பொத்தும். பழைய பக்கங்களை அவர் நோட்டிலிருந்து நானே கிழித்தேன். "மறந்துடுங்க! கர்நூல்னு ஓர் ஊரே இல்லைன்னு நினைச்சுக்குங்க!" என்று கத்தினேன். கிழித்த காகிதங்களை அவர் குனிந்து பொறுக்கி, ஒழுங்காக அடுக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கர்நூல்ல ஜனங்க இருக்காங்களே சார், பாவம்."

ஊதுபத்திப் பரீட்சை

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி ஜெயம்மா தரையில் பலகை போட்டு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் பாதி வீட்டுப் பெண்களுக்கு அதுதான் தொழில். ஜெயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணவர் முணுமுணுத்ததை எல்லாம் கேட்டுக் கேட்டு அத்தனையும் பாடம். நான் கேள்வி கேட்க, கன்னியப்பன் கூரையைப் பார்க்க, ஜெயம்மா பத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்லிக்கொண்டே போனார். பழைய தலைநகர், புதிய தலைநகர், தேதி எல்லாம் சரியாக வந்தது. எனக்கே இரண்டு இடத்தில் சந்தேகம் தீர்ந்தது.

"எதுக்கு சார் அவரைப் போட்டு இம்சை பண்றீங்க? இது வரைக்கும் இது, இப்ப இதுன்னு ரெண்டையும் எழுதிட்டு வரட்டுமே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கேள்விக்கு இரண்டு விடை எழுதினால் பூஜ்யம், இது பரீட்சை விதி என்று வாத்தியார் தோரணையில் சொன்னேன். ஜெயம்மா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"பெரிய ஆபீசருக்கு டீயா காபியான்னு தெரியாதப்போ இவரு ரெண்டையும்தான் சார் எடுத்துகினு போறாரு. அதுக்கு ஒரு நாளும் திட்டு வாங்கினதில்லை."

பழைய கேள்வி, பழைய பதில்

பரீட்சை முடிந்து ஏழு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ராஜ்யங்கள் எத்தனை, ஆந்திராவின் தலைநகர், மத்தியப் பிரதேசத்தின் தலைநகர், மைசூரின் தலைமைப் பதவி என நான் பிழிந்து பிழிந்து சொல்லிக்கொடுத்த அத்தனையும் வந்திருந்தன. ஆறு பேர் புதிய விடையை எழுதியிருந்தார்கள். கன்னியப்பன் என் முகத்தைப் பார்க்காமல், தான் இரண்டையும் தேதி போட்டு எழுதிவிட்டதாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. கன்னியப்பன் பாஸ். மற்ற ஆறு பேரும் ஃபெயில். கேள்வித்தாளையும் விடைப் பட்டியலையும் செப்டம்பரிலேயே தயாரித்துப் பூட்டி வைத்துவிட்டார்களாம். தேசம் மாறியதை யாரும் அந்தப் பூட்டுக்குச் சொல்லவில்லை. திருத்தியவர் கர்நூலைத் தேடினார். கன்னியப்பன் தாளில் கர்நூல் இருந்தது, மார்க் போட்டார். கூட இருந்த ஹைதராபாத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு பேரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவர்களில் இரண்டு பேருக்கு இதுவே மூன்றாவது தடவை. அதில் ஒருவரான காக்ஸ் டவுன் மார்ட்டின், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்து வாசலில் நின்றார்.

"மறக்காதவன் பாஸ் சார். உங்க பேச்சைக் கேட்டு மறந்தோம் பாருங்க, நாங்கதான் ஃபெயில்."

அதிகாரியின் சட்டம்

நேரே அந்த ஆபீஸுக்குப் போனேன். நவம்பர் மாதத்துப் பத்திரிகை ஒன்றைப் பாஷா பாயிடம் கெஞ்சி வாங்கி, அதிகாரியின் மேஜை மேல் விரித்தேன். அவர் கன்னடக்காரர், நல்ல மனுஷர், பொறுமையாகப் படித்தார். "சரிதான், ஹைதராபாத்தான்" என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஆறு பேருக்கும் மார்க் போடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மனு வேண்டும், மனுவுக்கு ஃபைல் வேண்டும், ஃபைல் ஆறு மேஜைகளில் கையெழுத்தாக வேண்டும் என்றார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் உத்தரவு ஆகாவிட்டால் அந்த வருஷத்துப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

ஆபீஸ் வழக்கப்படி ஒரு மேஜைக்கு ஒரு வாரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்திரை பிறந்துவிடும்.

"நோடி மாஸ்டர், தேசம் பேகா, சட்டுனு மாறிடும். விடை மாறணும்னா ஃபைல் வரணும்."

மார்ச் முப்பத்தொன்றுக்கு முந்தின நாள்

அன்றைக்கு நானும் அந்த ஆறு பேரும் ஆபீஸ் வராந்தாவில் நின்றோம். ஆறு மேஜைகளில் இரண்டில்தான் கையெழுத்து ஆகியிருந்தது. மூன்றாவது மேஜை தபால் பிரிவில் இருந்தது. அங்கே யார் தெரியுமா? கோட்டுப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, நம் கன்னியப்பன்! குமாஸ்தாவாகி நான்காம் நாள். அன்று காலையில்தான் எங்கள் ஃபைல் அவர் மேஜைக்கு வந்ததாம்.

கையெழுத்துப் போட்டார். பிறகு மணி அடித்தார். அட்டெண்டர் யாரும் வரவில்லை; வர வேண்டியவர்கள் எல்லாம் விடுப்பில் என்னோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள், சொந்த ஃபைலைத் தொட அவர்களுக்கு விதியும் இல்லை. அவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். மாடிக்குப் போனார், கையெழுத்து ஆகும் வரை நின்றார், இறங்கினார். எதிர்க் கட்டிடத்துக்கு ஓடினார், அங்கேயும் இரண்டு மாடி ஏறினார். இருபது வருஷ அட்டெண்டருக்கு எந்த அதிகாரி எப்போது அறையில் இருப்பார், எவருக்கு எப்போது காபி வரும் என்று தெரியாதா? அந்த ஆபீஸில் நான்கு வாரத்தில் நடக்க வேண்டியது மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

கடைசிக் கையெழுத்தும் மார்க் போடும் உத்தரவுமாக அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியபோது தலைமைக் குமாஸ்தா வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். "குமாஸ்தா ஆயியும் பியூன் புத்தி போகலையே உனக்கு? நாலு நாள்லயே நாற்காலி கசந்துடுச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மார்ட்டின் அழுதே விட்டார். கன்னியப்பன் மட்டும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"நாற்காலி நான் வர வரைக்கும் அங்கயேதான் சார் இருக்கும். விட்டா ஃபைலும் அங்கயேதான் இருக்கும்."

சர்க்கார் உத்தியோகத்துக்குப் பொது அறிவு மிகவும் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு என் வகுப்பில் சேர வந்தவர்களிடம் நான் முதலில் கேட்டது, ஓடி மாடிப்படி ஏற வருமா என்பதைத்தான்.